நாம் வாசித்த கதை, வாசிக்காமல் விட்ட கதை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். இன்று யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அந்த ஐயாவுக்கு அது பிடிக்காது. மேடையில் யாராவது அவரைப் புகழ ஆரம்பித்தால் மெல்ல எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அதனால் அவருடைய புகழை விட்டுவிட்டு அவருடைய தகரப் பெட்டியிலிருந்து தொடங்குகிறோம்.

அவர் மறைந்து சில மாதங்கள் கழித்து அவர் மகள் நம்மைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியை ஒப்படைத்தார். உள்ளே புத்தகங்கள், அவற்றுக்கு மேலே காலிகோ அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. அது ஐயாவின் கடன் நோட்டு. பணக்கடன் அல்ல, புத்தகக் கடன். தேதி, புத்தகம், எடுத்தவர் பெயர், திரும்பி வந்த நாள் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடிய 1991இல் முதல் பக்கம் தொடங்குகிறது. முதல் சில ஆண்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரே புத்தகம் ஒரே மாதத்தில் மூன்று வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. பிறகு வரிகள் இடைவெளி விடத் தொடங்குகின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரு பக்கம் நிரம்ப ஒரு வருடம் ஆகிறது. கடைசிப் பக்கங்களில் ஒரே ஒரு பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அது ஐயாவின் பெயர். தன் பெட்டியிலிருந்து தானே புத்தகம் எடுத்து, தன் பெயரை எழுதி, படித்து முடித்ததும் திரும்பிய நாளையும் குறித்திருக்கிறார்.

அந்த நோட்டின் முன்பக்கங்களில் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் பலருடைய பெயர் இருக்கிறது. கீழே உட்கார்ந்திருக்கும் மூத்த தோழர்கள் பெயரும் இருக்கிறது. பின்பக்கங்களில் நாம் யாரும் இல்லை. இடையில் நமக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்த உரை. இதை வரலாறாகத்தான் சொல்லப் போகிறோம். வாசிப்பு என்பது நல்ல பழக்கம், காலையில் எழுந்ததும் பல் துலக்குவது மாதிரி என்று பேசுகிற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

முதலில் ஒரு பொய்யை ஓரம் கட்டிவிட வேண்டும். "நம்ம ஜனங்களுக்கு வாசிப்பு புதுசு, இப்பத்தானே முதல் தலைமுறை" என்று மற்றவர்கள் சொல்வது இருக்கட்டும், நாமே சொல்கிறோம். ஒருவர் முதல் பட்டதாரி என்று தாசில்தார் சான்றிதழ் தருவார். முதல் வாசகர் என்று எந்த தாசில்தாரும் எழுதித் தர முடியாது. ஏனென்றால் அது உண்மையில்லை.

ஐயாவின் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். பழைய வடஆர்க்காட்டுச் சேரிகளில் கோலாருக்கு ஆள் போகாத தெரு அபூர்வம். நிலத்துக்காரரிடம் படியாளாகக் கிடப்பதைவிடப் பூமிக்கு அடியில் போய்ச் செத்தாலும் பரவாயில்லை என்று போனவர்கள் அவர்கள். அந்தத் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் "நான் தமிழன் பத்திரிகை வாசிச்சவன்டா" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்வாராம். அது எப்படித் தாத்தா, எழுத்தே தெரியாதே என்று கேட்டால், "ஒருத்தன் வாசிப்பான், முப்பது பேர் கேப்போம். கேட்டது வாசிச்சதில்ல சேர்த்தியில்லையா?" என்பாராம். ஐயா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். நாமும் சிரித்திருக்கிறோம். சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல அது என்று புரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அந்தத் தாத்தா எழுத்தறிவற்றவர். ஆனால் ஒரு பத்திரிகையின் வாதத்தை வாரா வாரம் பின்தொடர்ந்து, அதில் வந்ததை நடுவீதியில் நின்று இன்னொருவரோடு மல்லுக்கட்டியவர். அவரை வாசகர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓராண்டு கழித்து அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் வந்தது. அவர் சித்த மருத்துவர், பௌத்தர், தமிழ்ப் புலவர். இதழில் அரசியல் விமர்சனமும் இருக்கும், மருந்தும் இருக்கும், இலக்கணச் சண்டையும் இருக்கும். 'இந்திரர் தேச சரித்திரம்' என்று இந்த நாட்டு வரலாற்றைத் தலைகீழாகப் புரட்டித் தொடராக எழுதினார். வாசகர்கள் கேள்வி கேட்டு எழுதினார்கள், அவர் பதில் எழுதினார். கோலாரில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளிலும், ரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். கூலிகளாகக் கப்பல் ஏறிய இடத்துக்கெல்லாம் அந்த இதழ் பின்னாலேயே போயிருக்கிறது. பிறகு 1926இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்தே 'தமிழனை' மறுபடி நடத்தினார். ஐயாவின் தாத்தா கேட்டது அந்தத் தமிழனைத்தான்.

சுரங்கத்தில் ஷிப்டு முடித்து, உடம்பெல்லாம் கல்தூசியோடு வந்த ஒருவர் எதற்காக உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பார்? விடுதலை வேட்கை என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். அது சரிதான். ஆனால் அது மட்டும் போதாது. பண்டிதரின் எழுத்தைப் புரட்டிப் பாருங்கள், அதில் ஒரு குறும்பு இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல்லை எடுத்துப் பிரிப்பார், நாம் எதிர்பாராத பொருள் ஒன்று உள்ளிருந்து விழும். திருக்குறள் அல்ல 'திரிக்குறள்', திரிபீடகத்தின் வழிநூல் என்பார். தீபாவளிக்கும் நரகாசுரனுக்கும் சம்பந்தமில்லை, எள்ளிலிருந்து எண்ணெய் எடுத்து அதன் குணம் கண்ட நாளைக் கொண்டாடியதுதான் அது என்பார். இவை வரலாற்றில் நிற்குமா என்று அறிஞர்கள் வாதிடட்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது கொடுத்த சந்தோஷத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உன்னை விலக்கி வைத்த பண்டிகையே உன்னுடையதுதான் என்று ஒருவர் ஆதாரம் அடுக்கிக் காட்டுகிறார். மறுநாள் அதை வைத்து வம்பு இழுக்கலாம். வாசிப்பின் ருசி என்று நாம் சொல்வது இதைத்தான்.

பண்டிதருக்கு அது வழிவழியாக வந்த ருசி. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்தவர். அவர் தன்னிடம் இருந்த குறள் சுவடியை எல்லீஸ் துரையிடம் கொண்டு கொடுத்தார் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர் வீட்டுப் பட்லரிடம் சுவடி எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறவர்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அவருக்குச் சற்று முன்னால் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வெளியான அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' கையளவு புத்தகம், ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். மாணவர்கள் இன்று வீடு திரும்பும் பஸ்ஸிலேயே படிக்கலாம். கோயம்புத்தூரில் அவர் படித்த காலத்தில் வகுப்பில் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். பழகினால் சாதியைக் கேட்பார்கள், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள். அதனால் அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். பள்ளி விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக நடந்து வீடு சேருவார். ஊர் விளையாடும் நேரத்தில் அந்தப் பையன் கையில் புத்தகத்தோடு ஒதுங்கியிருந்தான். அது அவனுடைய படிப்பு ஆர்வம் என்று யாராவது பாராட்டியிருந்தால் எவ்வளவு கொடுமை! புத்தகம் அங்கே ஒளிந்துகொள்ளும் இடம். அதே பையன் வளர்ந்து 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லைக் கேட்பார்களோ என்று மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்தாரோ அதையே தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சடித்தார். இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் சென்னையில் விற்றதாக எழுதியிருக்கிறார். வாங்கியவர்கள் யார்? நம் பாட்டன் பூட்டன்கள்தான்.

பாபாசாகேபைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நகராது. ஆனால் அவருடைய வாசிப்பைப் பற்றி நாம் சொல்லும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. இத்தனை ஆயிரம் புத்தகம் வைத்திருந்தார், இத்தனை பட்டம் வாங்கினார், தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டையே புத்தகத்துக்காகக் கட்டினார் என்று கணக்குச் சொல்லியே பிள்ளைகளை மிரட்டிவிட்டோம். ஒரு பாடப்புத்தகத்தையே முடிக்கத் திணறும் பையனுக்கு முன்னால் ஒரு மலையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். நாமும் அப்படித்தான் கும்பிட்டுவிட்டுப் போனோம்.

மலையை விட்டுவிட்டு மனிதரைப் பாருங்கள். சிறுவன் கேட்ட புத்தகத்தை வாங்க அப்பா ராம்ஜியிடம் காசு இருக்காது. கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய்க் கைமாற்று கேட்பார், இல்லையென்றால் அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைப்பார். பம்பாய் சர்னி ரோடு தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து படிக்கும் பையனைக் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் கவனித்தார். பையன் பரீட்சையில் தேறியதற்கு நடந்த கூட்டத்தில், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பரிசு எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு 1956 வரை ஆயிற்று.

இன்னொரு இடம். 1917, பரோடா. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு மன்னரின் வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு தங்கினார். மாடியில் ஒரு பெரிய கூடம், மூலையெல்லாம் தட்டுமுட்டுச் சாமான், வேறு ஆளே இல்லை. ராத்திரிக்கு ஒரு சின்ன அரிக்கேன் விளக்கு, அதன் வெளிச்சம் சில அங்குலத்தைத் தாண்டாது. அவர் புத்தகத்தை எடுத்தார். படித்தார், படித்தார், தனிமை மறந்தது. உடனே வௌவால்கள் கத்திக்கொண்டு பறந்தன. கவனம் கலைந்தது, எதை மறக்கப் பார்த்தாரோ அது திரும்பி வந்து நின்றது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் அவரே இதைச் சொல்கிறார். பாபாசாகேபுக்கும் வாசிப்பு கைவிட்ட இரவுகள் இருந்தன. நம்மிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. நாமும் நம் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பதினோராம் நாள் காலை என்ன நடந்தது என்பதையும் அதில் எழுதியிருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

1991ஐ ஒட்டிய ஆண்டுகளில் நமக்கு ஒரு பசி வந்தது. அம்பேத்கரின் எழுத்துகள் தமிழில் தொகுதி தொகுதியாக வரத் தொடங்கின, 37 தொகுதிகள். 1992இல் பாமாவின் 'கருக்கு', 1994இல் 'நிறப்பிரிகை'யின் தலித் இலக்கியச் சிறப்பிதழ், 1997இல் 'தலித் முரசு'. பூமணியின் 'பிறகு' 1979லேயே வந்திருந்தாலும் நாம் அதைத் தேடிப் படித்தது இந்தக் காலத்தில்தான். ஐயாவின் நோட்டு நிரம்பி வழிந்தது இந்த ஆண்டுகளில். 'கருக்கு' மட்டும் அதில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு பிரதி அட்டை பிய்ந்து, அவர் சாக்குநூலால் தைத்து வைத்திருக்கிறார். நம் வீட்டுப் பேச்சு, நம் வசவு, நம் கிண்டல் அப்படியே அச்சில் இருந்ததைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் படித்தவர்கள் நாம்.

அப்புறம் 1997 ஜூன் 30 வந்தது. மேலவளவு. முருகேசனையும் உடன் சென்றவர்களையும் வெட்டிப் போட்ட பிறகு நாம் படித்தது வேறு. உண்மை அறியும் குழு அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு நகல். அவற்றைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது, படித்ததற்கு வருந்தவும் இல்லை. ஆனால் அந்தப் படிப்பு நம் கண்ணை ஒருவிதமாகப் பழக்கிவிட்டது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதில் எந்த வரியை மேடைக்கு எடுத்துப் போகலாம், எந்தப் பக்கத்தைத் துண்டறிக்கையில் போடலாம் என்று தேட ஆரம்பித்தோம். கதைப் புத்தகத்தைக்கூடச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினோம். 'கருக்கு' படித்து யார் யாரெல்லாம் சிரித்தோமோ அவர்களே கருத்தரங்கில் அதை வலியின் ஆவணம் என்று பேசினோம். வலிதான். அதில் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் விளையாட்டும் இருக்கிறதே, அது எங்கே போயிற்று?

வலியை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் கை தானாகப் பின்வாங்கும். பகலெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலும் கோர்ட் வராண்டாவிலும் நின்றுவிட்டு வந்த தோழர், ராத்திரி மறுபடி அதையே புத்தகத்தில் பார்க்க விரும்பவில்லை. இதை அவர் வெளியே சொல்லவும் முடியாது. இயக்கத்துக்காரன் புத்தகம் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா? அதனால் வாங்குவதை நிறுத்தவில்லை, வாசிப்பதை மட்டும் நிறுத்தினோம். ஒவ்வொரு புத்தகக் காட்சியிலும் பை நிறைய வாங்கி வந்து அடுக்கினோம். அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குற்ற உணர்வு. அந்தக் குற்ற உணர்வே இன்னும் தள்ளி வைத்தது.

இதிலும் வேடிக்கை ஒன்று. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ்கள் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அவற்றைக் கரையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்ததால்தான், ஞான. அலாய்சியஸ் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று தொகுத்துக் கொண்டுவர முடிந்தது. நூற்றாண்டாக நம்மிடமிருந்து மறைந்திருந்தது நம் கைக்கு வந்தது. நாம் என்ன செய்தோம்? வாங்கினோம், மேடையில் எடுத்துக் காட்டினோம், பண்டிதர் பெயரில் அரங்குகள் நடத்தினோம். உள்ளே பத்துப் பக்கம் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். இதைச் சொல்ல நமக்கு வெட்கம்தான். ஐயா மட்டும் இரண்டு தொகுதிகளையும் தன் பெயரில் 'கடன்' எழுதிப் படித்து முடித்திருக்கிறார் என்று நோட்டு சொல்கிறது.

பிள்ளைகள் பக்கம் வேறொன்று நடந்தது. "படி, படி" என்றே வளர்த்தோம். அதில் தவறில்லை, படிப்பைத் தவிர வேறு நிலம் நமக்கு இல்லை. ஆனால் படிப்பு என்றால் மார்க், மார்க் என்றால் வேலை, வேலை கிடைத்தால் புத்தகத்தை மூடிவிடலாம் என்றே அது போய்ச் சேர்ந்தது. கடன் அடைந்ததும் வட்டிக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத மாதிரி, டி.என்.பி.எஸ்.சி. கைடை எடைக்குப் போட்டதோடு சரி. ஊரில் நூலகம் இருக்கிறதே என்பீர்கள். 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். கிளை நூலகம் ஊர்த் தெருவின் நடுவில் இருக்கிறது. போகக் கூடாது என்று போர்டு எதுவும் இல்லை. ஆனால் "யார் வீட்டுப் பையன்?" என்ற ஒரு கேள்வி இருக்கிறது. சீனிவாசனார் மணி அடிக்கும் வரை எந்தக் கேள்விக்காக வெளியே நின்றாரோ அதே கேள்வி. செல்போன்தான் வாசிப்பைக் கெடுத்தது என்று சொல்வது சுலபம். செல்போன் யார் வீட்டுப் பையன் என்று கேட்பதில்லை.

சரி, திரும்பி வந்தது எப்படி? பெரிய திட்டம் எதுவும் இல்லை. தகரப் பெட்டியைப் பிரித்து அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பட்டியல் எழுதிக்கொண்டிருந்த தோழர் ஒருவர் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தார். 2002இல் வந்த தடிமனான புத்தகம். பட்டாளத்து அப்பாவுக்குப் பயந்து திரியும் ஒரு பையனின் கதை, தன்னையே கேலி செய்துகொண்டு சொல்லும் கதை. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம் என்றோம். பக்கத்து அறையில் சமைத்துக்கொண்டிருந்த ஐயாவின் மகள் கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். அன்று பட்டியல் முடியவில்லை, சோறும் அடிப்பிடித்தது.

அடுத்த ஞாயிறும் கூடினோம். பிறகு அது வழக்கமாயிற்று. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். குறிப்பு எடுக்கக் கூடாது, மேற்கோளுக்கு அடிக்கோடு போடக் கூடாது, முடித்ததும் மதிப்புரை கேட்கக் கூடாது என்று மட்டும் பேசிக்கொண்டோம். தூங்கினால் எழுப்ப வேண்டாம் என்பதையும் சேர்த்தோம், ஏனென்றால் ஒருவர் தவறாமல் தூங்குவார். கோலாரில் தாத்தா சொன்ன 'கேட்டது சேர்த்தி' என்பதைத்தான் நமக்கே தெரியாமல் மறுபடி செய்துகொண்டிருந்தோம் என்பது பல வாரம் கழித்தே உறைத்தது.

எல்லாம் நன்றாக நடந்ததாக நினைக்க வேண்டாம். அயோத்திதாசர் தொகுதியை ஆரம்பித்த வாரம் கூட்டம் பாதியாகக் கலைந்தது. பழைய தமிழ், நீள வாக்கியம், வாசித்தவருக்கே மூச்சு வாங்கியது. விட்டுவிட்டோம். ஐப்பசியில் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, தீபாவளி பற்றி அவர் எழுதிய பகுதியை மட்டும் ஒருவர் முன்கூட்டியே பழகிக்கொண்டு வந்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அன்று பெரிய சண்டை. "அப்போ நான் நாளைக்கு எண்ணெய் தேய்க்கறதா வேணாமா?" என்று ஒரு பெரியம்மா கேட்க, தேய்க்கலாம், அது நம்முடையதுதான் என்று ஒரு கட்சி, எள்ளெண்ணெய்க் கதைக்கு ஆதாரம் எங்கே என்று ஒரு கல்லூரி மாணவர் மறு கட்சி. ராத்திரி பத்தரை வரை முடியவில்லை. அந்த மாணவர் அடுத்த வாரம் தொகுதியை வீட்டுக்கு எடுத்துப் போனார், பண்டிதரைத் தோற்கடிப்பதற்காக. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

'கருக்கு' வாசித்த நாளில் பாட்டி ஒருவர், "இதெல்லாம் நம்ம கதைதானே, இதை எதுக்குப் புஸ்தகத்துல போட்டாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல யாரும் அவசரப்படவில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து, "போடட்டும், நான் சொன்னா எவன் கேக்கறான்" என்றார்.

நம் தோழர்களிலேயே சிலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை வழக்கு நிலுவையில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கதை கேட்பதா என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அவர்களை எதிர்த்து வாதாட நம்மிடம் ஒன்றும் இல்லை. வழக்கு வேலை ஒரு நாளும் நிற்கவில்லை என்று மட்டும் சொன்னோம். அப்படிக் கோபப்பட்டவர்களில் ஒருவர் இப்போது கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார். என்ன காரணம் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பரோடாவுக்குத் திரும்புவோம். பதினோராம் நாள் காலை. பாபாசாகேப் சாப்பிட்டுவிட்டு, உடுத்திக்கொண்டு, அலுவலகத்துக்குக் கிளம்புகிறார். முந்தைய நாள் நூலகத்தில் எடுத்து வந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கையில் எடுக்கிறார். படியில் காலடிச் சத்தம். பன்னிரண்டு பேர் அளவில், கையில் தடிகளோடு, மாடியேறி வந்து அறை முன்னால் நிற்கிறார்கள். நீ யார், பார்சிப் பெயரில் தங்க உனக்கு என்ன துணிச்சல் என்று கேட்கிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்று வேறு இடம் எதுவும் கிடைக்காமல், பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயில் ஏறி பம்பாய்க்குப் போகிறார். இந்தப் பகுதியை எத்தனையோ முறை கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். தடியைப் பற்றிச் சொல்வோம், பூங்காவைப் பற்றிச் சொல்வோம். அந்த நூலகப் புத்தகங்களை நாம் கவனித்ததே இல்லை. இந்த முறை சத்தமாக வாசித்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அந்தப் புக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தாரா?" என்று கேட்டாள். அவர் எழுதியதில் அதற்குப் பதில் இல்லை.

ஐயாவின் கடன் நோட்டில் மீதிப் பக்கங்கள் இருக்கின்றன. அதிலேயே தொடர்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறோம், கட்டங்கள் அதே நான்குதான். அவர் பெயருக்குக் கீழே அடுத்த பெயர் அந்தப் பெண்ணுடையது. பழைய பக்கங்களில் திரும்பிய நாள் எழுதப்படாமல் நிற்கும் வரிகளும் நிறைய இருக்கின்றன. அந்தப் புத்தகங்களின் பட்டியலை மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறோம். எடுத்தவர்கள் பெயரைப் போடவில்லை, புத்தகத்தின் பெயர் மட்டும்தான். வீட்டுப் பரணில் பார்த்துவிட்டு, இருந்தால் அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள். படித்து முடிக்காமல் இருந்தால் முடித்துவிட்டே கொண்டு வரலாம்.